மொட்டை மாடி ஒழுகுதா? ஐப்பசிக்கு முன்னாடி நாமளே பாத்துக்கலாம் வாங்க

எங்க ஹால் சீலிங்ல ஒரு கறை இருக்கு. மொத வருஷம் தோசைக்கல் சைஸ்ல இருந்துச்சு, சரி பெயின்ட் அடிக்கும்போது பாத்துக்கலாம்னு விட்டேன், அடுத்த வருஷம் தாம்பாளத் தட்டு, அதுக்கடுத்த வருஷம் ஓரத்துல உப்பு பூத்து சுண்ணாம்பு பொரிஞ்சு சோபா மேல கொட்ட ஆரம்பிச்சுருச்சு. வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்த உடனே அண்ணாந்து பாத்துட்டு "என்னப்பா ஒழுகுதா"ன்னு கேப்பாங்க. நான் இருக்கிறது தாம்பரம் பக்கம், 2015 டிசம்பர்ல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டின ஊரு, அதனால இங்க மேகம் கறுத்தாலே எல்லாருக்கும் வயித்துல புளி கரைக்கும்.

மேஸ்திரி ஒருத்தர் வந்து பாத்தாரு. மாடிக்கு போய் ரெண்டு நிமிஷம் நின்னாரு, மொத்த மாடிக்கும் கோட்டிங் அடிக்கணும் சார், 38 ஆயிரம் ஆகும்னாரு. எங்க ஒழுகுதுன்னு கேட்டேன், எல்லா இடத்துலயும்தான்னாரு. அந்த பதில் எனக்கு ஒப்பல. கடைசில நானே மூணு வாரம் சனி ஞாயிறு லீவுல பண்ணேன், செலவு மூவாயிரத்து சொச்சம், ஒழுகுனது மொத்தமே ஒரு மூலைல ஆறடி நீளத்துலதான். எப்படி பண்ணேன்னு அப்படியே எழுதறேன், உளியே புடிச்சு பழக்கம் இல்லாதவங்களுக்கும் புரியணும்.

மொதல்ல வீட்டுக்குள்ள இருந்து ஆரம்பிங்க

ஸ்டூல் போட்டு ஏறி கறைய சுத்தி பென்சில்ல கோடு போடுங்க, பக்கத்துல தேதி எழுதுங்க. அடுத்த மழைக்கு அப்புறம் கோட்ட தாண்டி ஈரம் போயிருந்தா இன்னொரு கோடு, இன்னொரு தேதி. எங்க வீட்டு சீலிங்ல மரத்தோட வளையம் மாதிரி நாலு கோடு இருக்கு.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான், மழைக்கு மட்டும் ஈரமாகுதா இல்ல சித்திரை வெயில்லயும் ஈரமா இருக்கா? வெயில்லயும் ஈரம்னா அது மழைத்தண்ணி இல்ல, மேல போற டேங்க் பைப்போ மாடி பாத்ரூமோ கசியுது, அதுக்கு பிளம்பர்தான் வரணும், இந்த பதிவு உதவாது.

ஃபேன் கொக்கி, லைட் பாயின்ட் வழியா சொட்டுதுன்னா அந்த ரூமோட எம்சிபிய (கரண்ட் போர்டுல அந்த ரூமுக்குன்னு இருக்கிற சுவிட்ச்) ஆஃப் பண்ணிட்டு அப்புறம் மத்த வேலைய பாருங்க. சீலிங்ல காரை பேந்து உள்ள இருக்கிற கம்பி துருவோட தெரிஞ்சாலும் கோட்டிங் எல்லாம் வேணாம், இன்ஜினியர கூப்பிட்டு காட்டுங்க.

மாடிக்கு வெளக்குமாறோட போங்க

பாதி வேலை இதுதான், சத்தியமா. நம்ம ஊர் மாடில மழைத்தண்ணி பைப் இருக்கிற பக்கமா வாட்டம் வச்சுத்தான் தளம் போட்டிருப்பாங்க. அந்த பைப் வாய்ல வேப்பிலை, பசங்க விட்ட பந்து, கேரி பேக், காத்தாடி நூல் இதெல்லாம் அடைச்சுகிட்டா தண்ணி போக வழியில்லாம குளம் மாதிரி நிக்கும், நின்ன தண்ணி சும்மா இருக்காது, எங்க வழி கிடைக்குதோ அங்க இறங்கும். எங்க பைப்ப கம்பி விட்டு குத்துனப்போ ஒரு ஷட்டில் காக், ரெண்டு சாம்பார் வடை பேப்பர் கப்பு, அப்புறம் நான் போன தீபாவளிக்கு தொலைச்ச ஸ்க்ரூடிரைவர் வந்துச்சு. அது எப்படி அங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கல.

சுத்தமா கூட்டி பாசிய வயர் பிரஷ்ல தேச்சு எடுத்ததும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி அது எந்த பக்கம் ஓடுதுன்னு பாருங்க. ஓடாம தேங்குற இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. அதுக்கப்புறம் மாடிய சுத்தி குனிஞ்சு நடங்க, நிமிந்து நடந்தா ஒண்ணும் கண்ணுல படாது. முக்கியமா கைப்பிடி சுவரும் தரையும் சேர்ற மூலை. தளம் வெயில்ல விரியும் ராத்திரி குளிர்ல சுருங்கும், சுவரு அதே மாதிரி அசையாது, அதனால அந்த சேர்ற இடத்துலதான் மொதல்ல பிளவு விடும். அடுத்து டேங்க் நிக்கிற மேடை ஓரம், டிஷ் ஆன்டெனாக்கு போல்ட் அடிச்ச இடம் (கேக்காம அடிச்சுட்டு போயிருப்பாங்க), தட்டோடுங்களுக்கு (மாடித் தரைல பதிக்கிற சுட்ட மண் ஓடு) நடுவுல இருக்கிற கோடு.

இன்னொண்ணு, அரச மரக்கன்னு. காக்கா குருவி எச்சத்துல விழுந்த விதை எங்க விரிசல் இருக்கோ அங்க மொளைக்கும், அதாவது எங்க ஒழுகுதுன்னு அதுவே காட்டிக் குடுத்துரும். மேல பிச்சு போட்டா பிரயோஜனம் இல்ல, மறுபடி துளிர்க்கும். சுத்தி இருக்கிற பூச்ச உளியால தட்டி வேர் முனை வரைக்கும் எடுக்கணும். வேர் விரல் தடிமனுக்கு மேல சுவருக்குள்ள போயிருந்தா அது மேஸ்திரி வேலை.

பாத்தி கட்டி பாக்கறது

கறைக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நினைக்காதீங்க, நான் அப்படி நினைச்சு ஒரு வருஷம் தப்பான இடத்துல சிமென்ட் பூசிகிட்டு இருந்தேன். தண்ணி மேல ஒரு இடத்துல இறங்கி தட்டோட்டுக்கு அடியில செங்கல் ஜல்லி சுண்ணாம்பு வழியா நகந்து எங்கயோ போய்த்தான் கான்கிரீட்ல இறங்கும். எங்க வீட்டுல கறைக்கும் ஓட்டைக்கும் நடுவுல ஒன்பதடி தூரம்.

அதனால சந்தேகப்படுற இடத்த மட்டும் களிமண்ணால வரப்பு மாதிரி கட்டி ஒரு இன்ச் தண்ணி நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடுங்க. கீழ பென்சில் கோட்ட பாத்துகிட்டே இருங்க. ஈரம் வந்தா பாத்திக்குள்ள ஓட்டை, வரலைன்னா அடுத்த இடத்துல கட்டுங்க. சின்ன பாத்தியா கட்டுங்க. பத்துக்கு பத்து அடில ஒரு இன்ச் தண்ணின்னா 230 லிட்டருக்கு மேல ஆகும், அதாவது அவ்ளோ கிலோ எடையும் ஏறும். நல்ல கான்கிரீட் தளத்துக்கு அது ஒண்ணும் இல்ல, ஆனா தேக்கு உத்தரம் போட்டு செங்கல்ல கட்டுன பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா இருந்தா இந்த வேலையே வேணாம். அந்த காலத்துல கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய சுண்ணாம்புல விட்டு கட்டையால தட்டி தட்டி தளம் போட்டாங்க, அதுக்கு மேல இப்ப இருக்கிற கோட்டிங்க பூசுறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளு பாக்கணும்.

விரிசல அடைக்கறது

வெறும் சிமென்ட் பாலை ஊத்தாதீங்க. மொத வெயில்லயே அதே கோட்டுல மறுபடி பிளக்கும், ஏன்னா சிமென்ட் வளைஞ்சு குடுக்காது. ஹார்டுவேர் கடைல கிராக் ஃபில்லர்னு பேஸ்டா கிடைக்கும், வெளிப்புறத்துக்கு போடுறதான்னு கேட்டு வாங்குங்க. கூடவே நாலு இன்ச் அகலத்துல ஃபைபர் மெஷ் டேப்பு, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் ஒரு சின்ன டப்பா, நாலு இன்ச் பிரஷ், பட்டி பிளேடு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடிய மறக்காதீங்க, உளி அடிக்கும்போது சில்லு தெறிக்கும்.

முடி மாதிரி மெல்லிசா இருக்கிற விரிசலுக்கு உளி வேணாம், வயர் பிரஷ் போட்டு தேச்சு கோட்டிங் அடிச்சாலே போதும். ஒரு ரூபா காயின் உள்ள நுழையுற மாதிரி இருந்தா உளியால கால் இன்ச் அகலம் கால் இன்ச் ஆழத்துக்கு வெட்டி விரிக்கணும். இருக்கிற ஓட்டைய நாமளே பெருசாக்கறதான்னு கை நடுங்கும், எனக்கும் நடுங்குச்சு, ஆனா மெல்லிசு சந்துக்குள்ள பேஸ்ட் இறங்கவே இறங்காது, மேலாப்புல ஒட்டிகிட்டு நிக்கும். மெதுவா தட்டுங்க, கான்கிரீட் வரைக்கும் போக வேணாம். தூசிய பழைய பெயின்ட் பிரஷ்ல கூட்டி, அப்புறம் ஊதி, அப்புறம் ஈரத்துணில துடைச்சு காய விடுங்க. தூசி மேல எத பூசினாலும் அது தூசிலதான் ஒட்டும், தரைல ஒட்டாது. அப்புறம் பேஸ்ட்ட பட்டி பிளேடால அமுக்கி அமுக்கி ரொப்புங்க. ஆழமா இருந்தா ஒரே தடவைல ரொப்பாம ரெண்டு தடவையா.

கைப்பிடி சுவர் மூலைக்கு மட்டும் நான் ஒரு பங்கு சிமென்ட் மூணு பங்கு மணல், கொஞ்சம் வாட்டர்ப்ரூஃப் லிக்விட் சேத்து தண்ணி தேங்காத மாதிரி சாய்வா பூசினேன். அதுக்கு ஏழு நாள் காலைலயும் சாயங்காலமும் தண்ணி காட்டணும், சாக்கு போட்டு நனைச்சு வச்சா நல்லது. ஆபீஸ் போற அவசரத்துல ரெண்டு நாள் விட்டேன், அந்த இடத்துல மட்டும் மயிர்க்கோடு மாதிரி வெடிச்சு நிக்குது பாவி.

கோட்டிங்

காலைலயே ஆரம்பிச்சுடுங்க. மத்தியான வெயில்ல தரை கொதிக்கும்போது அடிச்சா பிரஷ்லயே காஞ்சு திட்டு திட்டா நிக்கும். தரை காஞ்சிருக்கணும், அடுத்த ரெண்டு நாளைக்கு மழை சொல்லியிருக்க கூடாது. மொத கோட்டுக்கு எவ்ளோ தண்ணி கலக்கணும்னு டப்பாலயே போட்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்றத கேக்காதீங்க. மொத கோட்டு ஈரமா இருக்கும்போதே விரிசல் மேல மெஷ் டேப்ப சுருக்கம் இல்லாம ஒட்டி மேல ஒரு இழுப்பு இழுங்க. நல்லா காஞ்சதும் ரெண்டாவது கோட்டு, மொத கோட்டு வடக்கு தெக்கா அடிச்சிருந்தா இது கிழக்கு மேக்கா, அப்பதான் பிரஷ் விட்ட கோடு மறையும். சுவர்லயும் ஒரு ஜாண் உயரத்துக்கு ஏத்தி அடிங்க.

மழைநீர் சேகரிப்பு தொட்டிக்கோ கெணத்துக்கோ மாடித்தண்ணி போற வீடா இருந்தா மொத மழைத்தண்ணிய வெளிய திருப்பி விட்டுருங்க, புது கோட்டிங்ல இருந்து கழுவிட்டு வர்றது கெணத்துக்குள்ள போக வேணாம். 2003ல தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் சேகரிப்பு கட்டாயம்னு வந்தப்போ போட்ட பைப் பல வீட்டுல இன்னும் இருக்கு, எது எங்க போகுதுன்னுதான் வீட்டுக்காரருக்கே மறந்து போயிருக்கும்.

இதெல்லாம் புரட்டாசி முடியறதுக்குள்ள பண்ணிடணும். ஐப்பசி அடைமழைன்னு சும்மா சொல்லல, அப்புறம் தரை காயவே காயாது. நம்ம பக்கம் ஆவணிலயே சாயங்காலம் இடி மழை வரும், அதனால ஆடி வெயில்ல ஆரம்பிச்சா நிம்மதி.

அந்த வருஷம் மொத பெரிய மழை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துச்சு. டார்ச் எடுத்துட்டு ஹாலுக்கு போய் சோபா மேல ஏறி நின்னு பென்சில் கோட்டையே பாத்துகிட்டு இருந்தேன், பைப்ல தண்ணி கடகடன்னு இறங்குற சத்தம் மட்டும் கேக்குது, கோட்டுக்கு அந்த பக்கம் கை வச்சு பாத்தா காஞ்சு கெடக்கு. வீட்டுக்காரம்மா எழுந்து வந்து திருடன்னு நினைச்சு கத்தினது தனி கதை.

கறை மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. உள்ள இருக்கிற ஈரம் முழுசா வத்தாம பெயின்ட் அடிச்சா உப்பு பூத்து மறுபடி உரியும், ஈரம் வத்த சில மாசம் ஆகும். எப்பதான் அடிப்பீங்கன்னு வீட்டுக்காரம்மா தினம் கேக்குறாங்க, தை பொறக்கட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்.