பதின்ம வயதினரே எழுதி, இயக்கி, நடிக்கும் 20 நிமிட நாடகம்: தொடங்குவது எப்படி?

இளையோர் நாடகம் என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். போய்ப் பார்த்தால், பெரியவர் ஒருவர் எழுதியதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஒரு பயிற்சிதான். இந்தப் பதிவு வேறொன்றுக்காக. 13 முதல் 19 வயதுக்குள் இருக்கும் ஒரு குழு, கதையிலிருந்து கடைசி விளக்கு அணைவது வரை எல்லாவற்றையும் தானே முடிவு செய்து ஒரு புதிய நாடகத்தை மேடையேற்றுவதற்கான வழி இது.

முதலில் அளவு. 20 நிமிடம், ஒரே இடம், நான்கைந்து பாத்திரங்கள். முதல் முயற்சிக்கு இது போதும். நாடகக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: மேடையில் ஒரு நிமிடம் ஓட, ஒத்திகையில் ஒரு மணி நேரமாவது வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 20 நிமிட நாடகத்துக்கு ஐந்து வாரம். நாடகப் பிரதி எழுதி உருவாகும் காலம் இதில் சேராது. பரீட்சைத் தேதிகளைப் பார்த்துவிட்டே நாள் குறியுங்கள்.

படி 1: யார் எதை முடிவு செய்வது?

எல்லோரும் நண்பர்கள், எல்லோருக்கும் ஒரு யோசனை இருக்கும். அதனாலேயே இதை முதல் நாளே பேசித் தீர்த்துவிட வேண்டும். கதை உருவாகும்வரை எல்லோரும் பேசலாம். ஒத்திகை தொடங்கியபின் இயக்குநர் ஒருவர்தான். நடிகருக்கு நடிகர் திருத்தம் சொல்லக்கூடாது. இன்னொருவர் மேடை மேலாளர்: காட்சி ஓடும்போது விளக்கும் ஒலியும் எப்போது மாற வேண்டும் என்று சொல்பவர். நடிப்பு வராதவரை இதில் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், குழுவிலேயே பொறுப்பானவருக்கு இதைக் கொடுங்கள்.

பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்: இட அனுமதி, பெற்றோர் சம்மதம், பாதுகாப்பு ஆகியவற்றுக்காக. அவர் எல்லை மீறுகிறாரா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒரு நடிகர், “இந்த இடத்தில் நான் உட்காரட்டுமா?” என்று கேட்கும்போது யார் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அந்தப் பெரியவரைப் பார்த்தால், அவரை அடுத்த ஒத்திகையில் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள்.

படி 2: கதையைத் தரையில் தேடுங்கள்

காகிதத்தோடு உட்கார்ந்தால் போதைப்பொருள், சுற்றுச்சூழல் என்று தலைப்புகள்தான் வரும். தலைப்பு வேறு, நாடகம் வேறு. ஆண்ட்ரியா டன்பர் தன் முதல் நாடகத்தைப் பள்ளி வேலையாக எழுதியபோது அவருக்கு 15 வயது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் தான் வளர்ந்த தெரு; நாடகத்தின் பெயரிலும் அந்தத் தெருவே இருக்கிறது. 1980-இல் அது லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது.

ஆகவே, தெரிந்த இடம் ஒன்றைச் சொல்லுங்கள். அதில் இரண்டு பேரை நிறுத்துங்கள். ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், மற்றவர் தரமாட்டார். இவ்வளவை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம், எழுதிய வசனம் இல்லாமலேயே, வாய்க்கு வந்ததைப் பேசி இறங்கி நடியுங்கள். சிகாகோவில் சிறுவர்களோடு வேலை செய்த வயோலா ஸ்போலின் நாடக விளையாட்டுகளை ஒரு பயிற்சி முறையாகவே வளர்த்தெடுத்தார். இப்படி அந்த நொடியிலேயே உருவாக்கி நடிக்கும் இன்றைய உடனடி நடிப்பின் அடிப்படை பெருமளவு அங்கிருந்து வருகிறது. ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: எதிரில் இருப்பவர் “மழை கொட்டுது” என்றால் உங்களுக்கும் மழைதான். “எங்கே மழை?” என்று கேட்டால் காட்சி அங்கேயே செத்துவிடும். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒருவர் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தால், அது மேடைக்குப் போகலாமா என்பதை அவர் மட்டுமே முடிவு செய்வார். கடைசி வாரத்தில் வேண்டாம் என்றாலும் எடுத்துவிட வேண்டும்.

படி 3: வெட்டுங்கள்

பதிவைக் கேட்டு அப்படியே எழுதுங்கள். உதாரணமாக, ஒரு தோழி நாளை ஊர் மாறிப் போகிறாள், இன்னொருத்திக்கு இப்போதுதான் தெரிகிறது. பதிவில் இப்படித்தான் இருக்கும்:

“ஏன்டி எங்கிட்ட சொல்லவே இல்ல? எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா? நாம சின்ன வயசுலேருந்து ஃப்ரெண்ட்ஸ்தானே?”

பொய்யில்லை. ஆனால் பார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை எதுவும் இதில் மிச்சமில்லை. உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரிகளை அடித்துவிட்டு, கையில் ஒரு பொருளைக் கொடுத்துப் பாருங்கள்:

“பெட்டி கட்டிட்டியா?”
“பாதி.”
“மீதி?”
“உன் புக்ஸ்தான். எடுத்துக்கோ.”

இங்கே யாரும் அழவில்லை, கோபம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். 26 நிமிடம் வந்தால் ஆறு நிமிடம் வெளியே போகத்தான் வேண்டும். பெரும்பாலும் தொடக்கத்தில்தான் சதை அதிகம். முதல் பக்கத்தை மூடிவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள், கதை புரிந்தால் முதல் பக்கம் தேவையில்லை.

படி 4: ஒத்திகை

முதல் வாரம் வாசிப்பும் நடமாட்டமும். யார் எங்கிருந்து நுழைகிறார், எங்கே நிற்கிறார் என்பதைப் பென்சிலால் குறியுங்கள், எப்படியும் மாறும். வலம், இடம் என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலமும் இடமும். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் கையில் காகிதம் இருக்கக்கூடாது. அடிதடிக் காட்சி இருந்தால் அதை மெதுவாக, எண்ணிக்கை சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். ஒவ்வொரு நாளும் ஒத்திகைக்கு முன் ஒருமுறை, மேடையேற்றத்துக்கு முன்பும் ஒருமுறை.

படி 5: மேடை மேலாளரின் கோப்பு

அனுபவமில்லாத குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பிரதியைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுக் கோப்பில் போடுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கும். அங்கே ஒவ்வொரு கியூவும், அதாவது விளக்கோ ஒலியோ மாற வேண்டிய ஒவ்வொரு இடமும், எண்ணோடு வரும்: “விளக்கு 4 – ‘எடுத்துக்கோ’ முடிந்ததும்”, “ஒலி 2 – கதவு சாத்தியதும்”. சொல்லும் முறையும் ஒன்றே: முன்கூட்டியே “விளக்கு நாலு, ஸ்டாண்ட்பை”, உரிய நொடியில் “கோ”. காட்சி ஓடும்போது பக்கமேடையில் வேறு எதற்கும் யாரும் “கோ” என்று சொல்லக்கூடாது. சொன்னால் விளக்கு மாறிவிடும்.

அரங்கம் கிடைத்ததும் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். வசனங்களைத் தாண்டி, கியூவிலிருந்து கியூவுக்கு மட்டும் போவது. நடிகர்களுக்குச் சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளட்டும். அதற்கடுத்த நாள் உடையோடு முழு ஓட்டம், இடையில் எது நடந்தாலும் நிறுத்தாமல். விளக்கணைவில் நாற்காலி நகர்த்த வேண்டுமானால், அதன் இடத்தை இருளில் ஒளிரும் டேப்பால் தரையில் குறித்துவிடுங்கள்.

அரங்கம் கிடைக்கவில்லையா? வகுப்பறை போதும், பார்வையாளர்களை மூன்று பக்கமும் உட்கார வையுங்கள். ஆனால் ஓரத்து நாற்காலிகளில் நீங்களே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், எல்லா முகமும் தெரிகிறதா என்று.

படி 6: பெயர் யாருடையது?

இதை மேடையேற்றத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். நடித்தே உருவான நாடகத்தில் பதிவைக் கேட்டு எழுதியவர் மட்டும் ஆசிரியர் ஆகமாட்டார். “குழுவின் ஆக்கம், எழுத்து வடிவம் இன்னார்” என்று போடலாம். இன்னொரு குழு நடிக்கக் கேட்டால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒருவர் மறுத்தால் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் அதற்கும் உரிமையாளரின் அனுமதி தேவைப்படலாம். குழுவில் யாராவது இசைக்கருவி வாசிப்பார்களானால் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். காணொளியை இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால், 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் பெற்றோரிடம் அதற்குத் தனியாகச் சம்மதம் வாங்குங்கள்.