வீட்டுப் பத்திரக் கட்டைக் கணினியில் ஒரே ஃபைலாகத் தொகுப்பது எப்படி?

மூலப்பத்திரம், கிரயப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது எனப் பல காகிதங்களைக் கொண்ட ஒரு கட்டு பெரும்பாலான வீட்டு பீரோக்களில் இருக்கும். அவற்றைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருப்பவர்கள் பலர். ஆனால் எந்தப் படம் எந்தப் பத்திரத்தின் எத்தனையாவது பக்கம் என்று தெரியாத எண்பது படங்களை ஃபைல் என்று சொல்ல முடியாது. பிரிப்பு அட்டைகள் வைத்த காகித ஃபைலைப் போலவே கணினியிலும் ஒன்றை உருவாக்க, நாப்ஸ்2 (NAPS2), பிடிஎஃப்சாம் பேசிக் (PDFsam Basic) என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். முன்னது ஸ்கேன் செய்ய, பின்னது கோத்துக் கட்ட. பிடிஎஃப்களை இணைத்துத் தரும் இணையத்தளங்கள் ஏராளமாக இருந்தாலும், சொத்து ஆவணங்களை அறிமுகமில்லாத சர்வரில் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. இவ்விரண்டும் நம் கணினிக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகின்றன.

முதல் படி: பெயர்களை முடிவு செய்தல்

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் காகிதங்களைப் பழையதிலிருந்து புதியதாக மேசையில் அடுக்கி, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 10_1974_மூலப்பத்திரம், 20_1998_கிரயப்பத்திரம், 30_வில்லங்கச்சான்று, 40_பட்டா என்று பத்துப் பத்தாக எண்ணிட்டால், பின்னாளில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தாலும் அதை 15 என்று நடுவில் செருகிவிடலாம். வீட்டுக்கடனுக்காகப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வழக்கறிஞரும் சொத்து கைமாறி வந்த இதே வரிசையைத்தான் பின்தொடர்வார்.

இரண்டாம் படி: ஸ்கேன் செய்தல்

நாப்ஸ்2-ஐ நிறுவி, ப்ரொஃபைல்ஸ் பொத்தானை அழுத்தி உங்கள் ஸ்கேனரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் டபிள்யூஐஏ என்ற டிரைவர் ஒத்துவராவிட்டால் ட்வைன் என்பதை முயன்று பார்க்கலாம். ரெசல்யூஷன் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள், இருக்கட்டும். ஓர் ஏ4 பக்கம் அப்போது 2480 × 3508 புள்ளிகளாகப் பதிவாகும், எழுத்துகளைக் கணினி படித்தறிய அது போதும். கறுப்பு வெள்ளையைத் தவிர்த்து வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், இல்லையென்றால் ஊதா முத்திரைகளும் கைரேகைகளும் கரும்புள்ளிகளாகிவிடும்.

முத்திரைத்தாள்கள் பெரும்பாலும் ஏ4-ஐவிட நீளமானவை. லீகல் அளவு என்பது 216 × 356 மில்லிமீட்டர். ஏ4 கண்ணாடியில் அதை வைத்தால், தாளின் அடியில் இருக்கும் கையெழுத்துகள்தான் முதலில் விடுபடும். அத்தகைய தாள்களைக் கூகுள் டிரைவ் செயலியிலுள்ள ஸ்கேன் வசதியால் கைபேசியில் எடுத்து, நாப்ஸ்2-இன் இம்போர்ட் பொத்தான் வழியாக உள்ளே கொண்டுவரலாம். தைத்த பத்திரத்தைப் பிரிக்க வேண்டாம். மடிப்பு விழுந்த பழைய தாளைத் தானாக இழுக்கும் ஏடிஎஃப் தட்டிலும் வைக்க வேண்டாம்.

நான் முதன்முறை செய்தபோது முன்பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டை மறுபடி கட்டி வைத்துவிட்டேன். பதிவு எண், சார்பதிவாளரின் முத்திரை, சாட்சிகளின் விவரம் எல்லாம் தாளின் பின்பக்கத்தில் இருந்ததால், அன்று செய்த வேலை முழுவதும் வீணாயிற்று. ஆகவே வெறுமையாகத் தோன்றினாலும் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பாருங்கள். தனித்தனித் தாள்களான நகல்களை ஏடிஎஃப்பில் எடுப்பவர்கள், முன்பக்கங்களை ஒரு முறையும், அடுக்கை அப்படியே கவிழ்த்துப் பின்பக்கங்களை இன்னொரு முறையும் ஓட்டிவிட்டு, ரீஆர்டர் பட்டியலிலுள்ள ஆல்டர்னேட் இன்டர்லீவ் என்பதை அழுத்தினால் பக்கங்கள் தாமாகவே ஒழுங்கில் வந்துவிடும்.

மூன்றாம் படி: தேடக்கூடியதாக்குதல்

படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி படித்தறியும் வசதிதான் ஓசிஆர். அந்தப் பொத்தானை அழுத்தித் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தரவிறக்கி, இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். இதன் பின்னால் இயங்குவது டெசராக்ட். எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட நிரல் அது. கணினியில் அச்சான தமிழை அது ஓரளவு நன்றாகப் படிக்கிறது. ஆனால் பத்திர எழுத்தர் மசியில் எழுதிய பழைய கையெழுத்தைப் படிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயரைவிட, 145/2 என்பது போன்ற சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பிறகு சேவ் பிடிஎஃப் மூலம், தாளில் எழுதிவைத்த பெயரிலேயே சேமித்து, கிளியர் அழுத்திவிட்டு அடுத்த ஆவணத்துக்குச் செல்லுங்கள். ஆவணத்துக்கு ஒரு பிடிஎஃப் என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

நான்காம் படி: கோத்தல்

பிடிஎஃப்சாம் பேசிக்கைத் திறந்து, மெர்ஜ் பகுதியில் எல்லாக் கோப்புகளையும் இழுத்துப் போட்டு, எண் வரிசை சரியாக உள்ளதா என்று பாருங்கள். கீழேயுள்ள புக்மார்க் அமைப்பில், இணைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புக்மார்க் என்னும் தேர்வைக் கொடுத்தால், கோப்பின் பெயரே பிரிப்பு அட்டையின் தலைப்பாகிவிடும். முதல் படியில் பெயர்களைத் தமிழில் வைத்ததன் காரணம் இதுதான். ஓசிஆருக்குப் பிடிபடாத கையெழுத்துப் பத்திரத்தை எட்டுவதற்கும் இந்த அட்டைதான் வழி. ரன் அழுத்தினால் ஃபைல் தயார். கணினியில் திறக்கும்போது இடப்பக்கப் பலகத்தில் தலைப்புகள் தெரியும். கைபேசிச் செயலிகள் எல்லாம் அவற்றைக் காட்டுவதில்லை.

இணையத்தில் தரவிறக்கிய ஆவணத்தை அச்சிட்டு மீண்டும் ஸ்கேன் செய்வது வீண் வேலை. அந்தப் பிடிஎஃப்பையே நேராகச் சேர்க்கலாம். ஆனால் மின்கையொப்பம் உள்ள கோப்பு இன்னொன்றுடன் இணையும்போது அக்கையொப்பம் செல்லாமல் போய்விடும். எனவே அதன் மூலக் கோப்பைத் தனியாகவும் பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஆதார் நகலும் உள்ளே இருந்தால், ஃபோல்டர் முழுவதையும் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில், கடவுச்சொல் கேட்கும் ஏஇஎஸ்-256 பூட்டுடன் சுருக்கி, ஒரு பிரதியைப் பென்டிரைவில் வேறொரு வீட்டில் வையுங்கள். அடுத்த அரையாண்டுச் சொத்து வரி ரசீது வரும்போது தொகுத்த ஃபைலைத் திருத்த முயல வேண்டாம். 60 என்று எண்ணிட்டுத் தனிக் கோப்புகளோடு சேர்த்து, மெர்ஜை மறுபடி ஓட்டினால் புதிய ஃபைல் பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.