இனிஷியலை சர்நேம் ஆக்கிய வழி

கிருஷ்ணகிரியில் 'மு. செல்வம்' என்றால் போதும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் நம் பெயரே சர்நேமாகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். அங்கே எடுக்கும் டிரைவிங் லைசென்ஸ் வரை அது துரத்தும்.

விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூவுக்குப் போட்டேன். 'சொந்த விவரங்களில் மாற்றம்' என்று காட்டி, அப்பா பெயரை சர்நேமில் முழுதாக எழுதினேன். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். ஆதாரை முதலில் திருத்துங்கள். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மாறினாலும் கேள்வி வரும்.

ஓசூர் பக்கம் தெலுங்குக் குடும்பங்களில் இனிஷியல் வீட்டுப்பெயராகவும் இருக்கும். அதை அப்பா பெயராக நினைத்து விரித்துவிடாதீர்கள். அப்பா பெயரை சர்நேமாக்கும் இந்த முறையில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சர்நேம் வேறாகும். பயணத்தில் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.