காம்பவுண்டு வில்லில் கேம் டைமிங் சரிசெய்வது எப்படி?

காம்பவுண்டு வில் வாங்கிச் சில மாதங்கள் ஆனவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "அம்பு இடது வலது சரியா இருக்கு, மேலே கீழேதான் சிதறுது." உடனே குறிபார்க்கும் சைட்டைத் திருகுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை ஏற்றி இறக்குவார்கள். அப்புறம் நாணில் கொக்கி மாட்டும் சின்னக் கயிற்று வளையமான டி லூப்பை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுவார்கள். கேம் பக்கம் மட்டும் யாரும் திரும்புவதில்லை. மற்றதைத் தொடும் முன் கேமைப் பாருங்கள் என்பது என் கட்சி. அதுவும் வில் சும்மா தொங்கும்போது அல்ல, நாணை முழுசாக இழுத்த நிலையில் பாருங்கள்.

கேம் என்ன செய்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். வில்லின் வளையும் கைகளான லிம்ப்களின் இரு நுனிகளிலும் இருக்கும் கோணல் சக்கரங்கள்தான் கேம்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் இந்த யோசனைக்கு 1966-ல் காப்புரிமை கோரி 1969-ல் பெற்றார். நாணை இழுக்கும்போது கேம் சுழன்று ஒரு பள்ளத்தில் நாணை விட்டுக்கொடுக்கிறது, இன்னொரு பள்ளத்தில் கேபிளை, அதாவது வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் உறுதியான கயிற்றை, தன்மேல் சுற்றிக்கொள்கிறது. கேபிள் சுருங்கச் சுருங்க லிம்ப்கள் வளைகின்றன. கேமின் வடிவம் வட்டமாக இல்லாததால் முழு இழுப்பில் பாரம் சட்டென்று குறைகிறது. 50 பவுண்டு வில்லில் 75 சதவீதம் குறைந்தால், குறிபார்க்கும்போது கையில் நிற்பது 12.5 பவுண்டுதான்.

இழுப்பின் கடைசியில் கேமில் உள்ள ஸ்டாப், கேபிள் மீதோ லிம்ப் மீதோ முட்டி நிற்கும். மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நேரத்தில் இப்படி முட்ட வேண்டும். டைமிங் என்று பேச்சுவழக்கில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஜோடி மாட்டில் ஒன்று முந்தினால் நுகத்தடி கோணுவது போல, ஒரு கேம் முந்தினால் நாணில் அம்பு மாட்டும் இடம் மேலேயோ கீழேயோ நகரும். விடும்போதும் அதே கோணலோடுதான் அம்பின் வால் கிளம்பும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இழுத்தால் பரவாயில்லை. ஆனால் களைப்பில் ஒரு அம்புக்கு அழுத்தி இழுப்போம், அடுத்ததற்குத் தளர்த்துவோம். அப்போதுதான் சிதறல் வரும். போட்டியில் 50 மீட்டரில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். 2023 பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்திய வீரர் ஓஜஸ் தேவ்தளே இறுதியில் 150-க்கு 150 எடுத்தார், எதிராளி எடுத்தது 149. அந்த உயரத்தில் ஒரே ஒரு அம்பு வளையத்தைவிட்டு மேலேயோ கீழேயோ போனாலும் கதை மாறிவிடும்.

உங்கள் வில் எந்த வகை?

கேபிளில் கை வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றைக் கேம் வில்லில் ஒரு முனையில் கேம், மறுமுனையில் வெறும் சக்கரம். அங்கே இரண்டை ஒத்துப்போக வைக்கும் வேலை இல்லை, கேம் சரியான கோணத்தில் கிளம்புகிறதா என்று பார்த்தால் போதும். இரட்டைக் கேமில் ஒவ்வொரு கேமின் கேபிளும் எதிர் லிம்ப்பின் ஆக்சிலுக்கு (கேம் சுழலும் அச்சு) போகும். பைனரி கேமில் கேபிளின் இரு முனைகளும் கேம்களிலேயே இருக்கும்: ஒரு கேம் அதைச் சுற்றிக்கொள்ளும், மற்றது விட்டுக்கொடுக்கும். ஹைபிரிட் கேமில் ஒன்று ஆக்சிலுக்குப் போகும் கேபிள், இன்னொன்று இரு கேம்களையும் இணைக்கும் கன்ட்ரோல் கேபிள்.

இழுப்பதற்கு முன் கேபிளின் மீது விரலை ஓட்டி, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடருங்கள். ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எந்தக் கேபிளைத் திருகுவது என்ற குழப்பத்தில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

வேண்டிய சாமான்கள்

பிரஸ் இல்லாமல் இந்த வேலை இல்லை. லிம்ப்களை அழுத்திப் பிடித்துக் கேபிளைத் தளரவைக்கும் கருவி அது. உங்கள் வில்லுக்குப் பொருந்தும் பிரஸ்தானா என்று கையேட்டில் பாருங்கள், தப்பான இடத்தில் அழுத்தினால் லிம்ப் விரிசல் விடும். பிரஸ் இல்லாதவர்கள் டைமிங் எப்படி இருக்கிறது என்று தாங்களே பார்த்துவிட்டு, முறுக்கும் வேலையைக் கடையிலோ பயிற்சி மையத்திலோ செய்துகொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்தது டிரா போர்டு. கனமான பலகை, ஒரு முனையில் வில்லின் பிடியைத் தாங்கும் மெத்தை சுற்றிய முளை, மறுமுனையில் நாணை இழுக்கும் கை வின்ச். வின்ச் இடையில் நழுவாமல் பல் பூட்டு உள்ளதாக இருக்க வேண்டும். இவை தவிர ஆலன் கீ (அறுகோணச் சாவி), வில் தராசு, அளவு டேப், வெள்ளி நிற மார்க்கர் போதும்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்துப் பட்டென்று கைவிட்டுவிடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பும்; லிம்ப் உடையும், கேம் வளையும், ஆளுக்கும் அடிபடும்.

முதலில் அளந்து எழுதுங்கள்

ஒரு ஆக்சிலின் மையத்திலிருந்து மறு ஆக்சிலின் மையம் வரை எவ்வளவு, பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை எவ்வளவு, தராசில் உச்ச எடை (இழுக்கும்போது வரும் அதிகபட்ச பாரம்) எவ்வளவு. மூன்றையும் எழுதிவைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். லிம்ப்களைப் பிடித்திருக்கும் லிம்ப் போல்ட் மேலும் கீழும் ஒரே அளவு திருகியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். இரண்டையும் கடைசிவரை இறுக்கி, அங்கிருந்து சம சுற்றுகள் தளர்த்துவதுதான் நம்பகமான வழி. எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்ற வரம்பு கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

இழுத்துப் பாருங்கள்

பல கேம்களில் தொழிற்சாலையிலேயே கோடோ புள்ளியோ போட்டிருப்பார்கள். வில் சும்மா இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தக் கோடு தொடக்க நிலையைத்தான் காட்டும். பாரம் ஏறியதும் கேபிள்கள் ஒரே அளவு நீளும் என்று எந்த உறுதியும் இல்லை. அதனால்தான் டிரா போர்டு.

வில்லின் பிடியை முளையில் பொருத்துங்கள். கை வைக்கும் அதே குழிவில்தான் முளை தாங்க வேண்டும். கொக்கியை டி லூப்பில் மாட்டுங்கள், நாணில் கண்ட இடத்தில் மாட்டாதீர்கள். ஒரு விரல் அகலம் மேலே தள்ளி இழுத்தாலே நன்றாக இருக்கும் வில்லும் டைமிங் போனது போலக் காட்டும். வின்ச்சை மெதுவாகச் சுற்றுங்கள், நாணின் நேர்க்கோட்டில் முகமோ உடம்போ வேண்டாம்.

கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் முக்கியம். அங்கே வந்ததும் வின்ச்சின் ஒவ்வொரு பல்லாக நகர்த்துங்கள். மேல் ஸ்டாப் தொட்டுவிட்டதா? கீழே இன்னும் இடைவெளி தெரிகிறதா? கண்ணுக்குத் தெரியாவிட்டால் விசிட்டிங் கார்டை ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, விரல் தள்ளியே இருக்கும்படி ஸ்டாப்புக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். மேலே கார்டுத் துண்டு கவ்விக்கொண்டு வர மறுக்கிறது, கீழே லேசாக இழுத்தாலே வந்துவிடுகிறது என்றால் மேல் கேம் முந்துகிறது. இரண்டும் ஒரே இழுப்பில் கவ்வினால் டைமிங் சரி, நேராக, கடைசியில் சொல்லும் காகிதம் வழியாக அம்பு விடும் சோதனைக்குப் போய்விடலாம்.

டிரா போர்டு இல்லையா? அம்பைப் பொருத்தி, இலக்கைப் பார்த்தபடி, நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸின் விசையில் விரல் படாமல் நீங்கள் இழுங்கள். பக்கவாட்டில் நிற்கும் நண்பர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும், முதலில் மேல் கேம், அடுத்த இழுப்பில் கீழ் கேம். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். டிரா போர்டு அளவுக்குத் துல்லியம் கிடைக்காது, ஆனால் பெரிய கோளாறு தப்பாது.

எந்தக் கேபிள், எந்தப் பக்கம்?

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இழுக்கும்போது ஒரு கேம் எந்தக் கேபிளைத் தன்மேல் சுற்றிக்கொள்கிறதோ, அந்தக் கேபிளைக் குட்டையாக்கினால் அந்தக் கேம் பின்தங்கும், நீளமாக்கினால் முந்தும். குட்டைக் கேபிள் கேமைத் தொடக்கத்திலேயே சற்றுப் பின்னால் திருப்பி வைத்திருக்கும். ஸ்டாப்பை எட்ட அது கூடுதலாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான்.

முறுக்கு ஏற்றினால் கேபிள் குட்டையாகும், இறக்கினால் நீளும். ஆகவே மேல் கேம் முந்தினால், மேல் கேம் சுற்றிக்கொள்ளும் கேபிளில் முறுக்கு ஏற்ற வேண்டும். ஹைபிரிடில் அது கன்ட்ரோல் கேபிள். கீழ் கேம் முந்தினால் கீழ் கேமின் கேபிளில் ஏற்ற வேண்டும்.

ஒன்றில் ஏற்றுவதற்குப் பதில் மற்றதில் இறக்கலாமே என்று கேட்கலாம். இறக்கலாம்தான். ஆனால் பழகிய வில்லில் கேபிள் நாளாக ஆக நீளுமே தவிரக் குட்டையாவதில்லை. முந்தும் கேமின் கேபிள்தான் அநேகமாக நீண்டிருக்கும். அதனால் ஏற்றுவதில் தொடங்குங்கள். ஏற்றினால் உச்ச எடை கொஞ்சம் கூடும், இழுப்பு நீளமும் துளி கூடும். உலக வில்வித்தைப் போட்டிகளில் உச்ச எடை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பதால், வரம்பை ஒட்டி வைத்திருப்பவர்கள் தராசில் மறுபடி பார்த்துவிடுங்கள்.

முறுக்கும் வேலை

வில்லைப் பிரஸில் வைத்து, கேபிள் தளரும் வரை மட்டும் அழுத்துங்கள். வேண்டிய முனையின் வளையத்தைக் கேமின் முளையிலிருந்து கழற்றுங்கள். கேபிள் ஏற்கெனவே எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதே பக்கம் அரை முறுக்கு, அதற்கு மேல் வேண்டாம். பைனரி கேமில் ஒரு கேபிளைத் தொட்டால் இரண்டு கேமும் அசையும், அரை முறுக்கே நிறைய வித்தியாசம் காட்டும்.

வளையத்தை மாட்டிவிட்டு, பிரஸைத் தளர்த்தும் முன் நாணும் கேபிள்களும் எல்லாப் பள்ளங்களிலும் உட்கார்ந்திருக்கின்றனவா, வளையங்கள் முளையின் அடிவரை போயிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு மெதுவாகத் தளர்த்துங்கள். கையால் இழுக்காதீர்கள், முதல் இழுப்பு டிரா போர்டில்தான். கார்டுத் துண்டு இப்போது என்ன சொல்கிறது? இடைவெளி குறைந்திருந்தால் திசை சரி, இன்னொரு அரை. கூடியிருந்தால் போட்டதைக் கழற்றிவிட்டு, வரைந்த படத்தைத் திரும்பப் பாருங்கள். எந்தக் கேபிளில் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

இரண்டும் ஒன்றாக முட்டத் தொடங்கியதும் முன்பு எழுதிய அளவுகளோடும் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளோடும் ஒப்பிடுங்கள். எடையும் இழுப்பு நீளமும் இரண்டுமே குறைவாக இருந்தால் இரு கேபிள்களிலும் சம அளவு ஏற்ற வேண்டும். கேம்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும், ஆனால் தொடக்கக் கோணம் சரிப்படும். தொழிற்சாலைக் கோடுகள் உதவும் இடம் இதுதான்.

அம்பு விட்டுப் பார்ப்பது

சுமார் இரண்டு மீட்டரில் சட்டத்தில் கட்டிய காகிதம் வழியாக விடுங்கள். கிழிசல் மேல்கீழாக நீண்டிருந்தால் இப்போது நாக் பாயின்ட்டையோ (நாணில் அம்பு மாட்டும் இடம்) ரெஸ்ட்டையோ நகர்த்தலாம். டைமிங் சரியான பிறகு அந்த நகர்த்தலுக்கு அர்த்தம் உண்டு. இடம்வலமாகக் கிழிந்தால் அது கேம் சாய்வு, ரெஸ்ட், பிடி சமாச்சாரம். அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

அப்புறம் எனக்குப் பிடித்த சோதனை. 20 மீட்டரில் இலக்கின் குறுக்கே ஒரு டேப் ஒட்டுங்கள். சில அம்புகளை ஸ்டாப்பில் நன்றாக அழுத்தி இழுத்து விடுங்கள். அடுத்த சிலவற்றை ஸ்டாப்பைத் தொட்டும் தொடாமலும் தளர்வாகப் பிடித்து விடுங்கள். இரு கூட்டமும் டேப்பில் ஒரே உயரத்தில் விழுந்தால் வில் உங்கள் கைத் தவறை மன்னிக்கிறது. தளர்த்தி விட்டவை தனியாக மேலேயோ கீழேயோ போனால் ஒரு கேபிளில் அரை முறுக்கு மாற்றி மறுபடி விடுங்கள், கூட்டங்கள் நெருங்கும் பக்கமே உங்கள் பக்கம். இதில் கிடைக்கும் நிலை டிரா போர்டு காட்டியதிலிருந்து ஒரு மயிரிழை விலகலாம். மேல் கேம் துளி முந்துவதே பிடிக்கும் என்பவர்கள் உண்டு. நான் அம்பு சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வேன், பலகை சொல்வதை அல்ல.

முடிவானதும் நாணில் குறிபார்க்கும் துளையான பீப் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, சைட்டைப் புதிதாக அமையுங்கள். பிறகு வில் சும்மா இருக்கும் நிலையில், இரண்டு கேம்களிலும் கேபிள் விலகும் இடத்தில் வெள்ளி மார்க்கரால் சின்னக் கோடு போடுங்கள். பின்னாளில் கோடு நகர்ந்திருந்தால் கேபிள் நீண்டுவிட்டது என்று ஒரு பார்வையில் தெரியும். புதிய நாண், கேபிள் மாட்டினால் முதல் நூறு இருநூறு அம்புகள் வரை அவை படிந்துகொண்டே இருக்கும், அதன் பிறகு ஒருமுறை பாருங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் வில் கிடந்திருந்தால் அன்றைக்கே பாருங்கள்.