வில்லியம் பாய்ஸ் இசைத்தட்டு: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பரோக் காலத்து (ஐரோப்பிய இசையில் 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பாணி) ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பாய்ஸின் எட்டு சிம்பொனிகள் 1760இல் லண்டனில் அச்சாயின. அவை அனைத்தும் சேர்ந்தே சுமார் ஒரு மணி நேரம்தான் என்பதால், ஒரே வினைல் இசைத்தட்டில் பக்கத்துக்கு நான்காக அவற்றை அடக்கிவிட முடியும். ஆனால் ஒரு பக்கத்தில் அரை மணி நேர இசையை அடக்க, முள் ஓடும் பள்ளங்களை நெருக்கமாகவும் ஒலி அளவைக் குறைத்தும் வெட்ட வேண்டியிருக்கிறது. எனவே, பழைய தட்டின் இரைச்சல் இத்தகைய பதிவுகளில் கூடுதலாகவே கேட்கும்.

பழைய இசைத்தட்டுக் கடையில் போட்டுக் காட்டச் சொல்லும்போது, எக்காளமும் முரசும் முழங்கும் ஐந்தாம் சிம்பொனியைக் கேட்டு மயங்கிவிடாமல், தந்திக் கருவிகள் மட்டும் மெல்ல ஒலிக்கும் மெதுவான பகுதி ஒன்றில் முள்ளை வைக்கச் சொல்லுங்கள். தேய்மானம் அங்கேதான் வெளிப்படும். அடுத்து, நடுத்தாளை (தட்டின் நடுவே ஒட்டியுள்ள வட்டத் தாள்) ஒட்டிய கடைசிப் பகுதியையும் கேளுங்கள். ஒலிச் சிதைவு பெரும்பாலும் அங்குதான் மிகுந்திருக்கும்.

தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் கீறல்கள் தெரியும். நகத்தால் மெல்லத் தடவும்போது தட்டுப்படும் கீறல், ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று ஒலிக்கும் என்பதால், அத்தகைய தட்டை, உறை எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். வெறும் தூசியும் கைரேகையும் என்றால் தயங்க வேண்டியதில்லை. வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நனைத்த மென்மையான துணியால், பள்ளத்தின் போக்கிலேயே, நடுத்தாள் நனையாமல் துடைத்தால் போதும்.