மெனோனைட் குடும்பப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெனோனைட்டுகள் ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர். அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய தெற்கு உக்ரைனில் 1804-இல் உருவான மொலோச்னா என்ற அவர்களுடைய ஜெர்மன் மொழிக் குடியேற்றத்தின் வழிவந்த குடும்பங்களில், தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த குடும்ப நோட்டு இருப்பது சகஜம். தொடக்கப் பக்கங்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். 1920-களில் கனடாவுக்கு வந்தபின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் தொடர்ந்திருப்பார்கள். இதைக் கணினியில் ஏற்ற உட்காருபவர்கள் செய்யும் பெரிய தவறு, தட்டச்சு செய்யும்போதே திருத்திக்கொண்டு போவது. ஒரு பக்கத்தில் 'கே' எழுத்தில் தொடங்கும் கிளாசன் அடுத்த பக்கத்தில் 'சி'யில் தொடங்கினால், இரண்டையும் உள்ளபடியே எடுத்தெழுதுங்கள். உங்கள் திருத்தமும் சந்தேகமும் தனிக் குறிப்பில் போகட்டும்.

அதற்கு முன்னால் ஸ்கேன். ஓரங்களை வெட்டாமல், அட்டையையும் சேர்த்து, 600 டிபிஐ போதும். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியதைத்தான் பிற்பாடு தேடி அலைவீர்கள்.

அதிகம் சறுக்குவது தேதிகளில். ரஷ்யாவில் 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டிதான். 19-ஆம் நூற்றாண்டில் அது நம் நாட்காட்டிக்கு 12 நாள் பின்னால் இருந்தது. 1900 மார்ச் முதல் 13 நாள். நோட்டில் 1890 ஜனவரி 1 என்றிருந்தால் நம் கணக்கில் ஜனவரி 13. கனடா வந்தபின் சிலர் பிறந்தநாளை மாற்றிக்கொண்டார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டார்கள். மாற்றியவர்களிலும் 1890-இல் பிறந்துவிட்டு 13 நாள் கூட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் நோட்டில் ஒரு தேதி, பயண ஆவணத்தில் ஒன்று, கல்லறையில் ஒன்று என்று வரலாம். ஒன்றை மட்டும் வைத்து மற்றதை அழிக்காதீர்கள். மூன்றையும் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு வையுங்கள்.

தேதி எழுதும் முறையிலும் பொறி இருக்கிறது. ஜெர்மன் வழக்கில் நாள் முதலில் வரும், 3.4.1889 என்பது ஏப்ரல் 3. அமெரிக்க மென்பொருள் அதை மார்ச் 4 ஆக்கிவிடலாம். மாதத்தை எழுத்தால் எழுதினால் தொல்லை விட்டது. '7' போட்டு ஒட்டினாற்போல் 'பெர்' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர் (லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு). அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர்.

அப்புறம் ஞானஸ்நானம். கத்தோலிக்க, லூத்தரன் பதிவுகளைப் பார்த்துப் பழகியவர்கள் ஞானஸ்நான ஆண்டையே பிறந்த ஆண்டாகப் போட்டுவிடுகிறார்கள். மெனோனைட்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகுதான், பெரும்பாலும் இருபது வயதையொட்டி. அந்தத் தேதியைப் பிறப்பாக எடுத்தால் ஒரு தலைமுறையே நகர்ந்து, மகனும் அப்பாவும் ஒரே வயதுக்காரர்களாகிவிடுவார்கள்.

பெயர்க் குழப்பம் இன்னும் மோசம். யோஹான், பீட்டர், யாக்கோப், ஹைன்ரிஷ், கத்தரீனா, ஹெலெனா, மரியா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். குழந்தை இறந்தால் அடுத்து பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது வழக்கம். ஒரே வீட்டில் இரண்டு கத்தரீனாக்களைப் பார்த்ததும் இரட்டைப் பதிவு என்று ஒன்றை நீக்கிவிட்டால், இறந்த குழந்தை பதிவேட்டிலிருந்தே காணாமல் போகும். பெயருக்கு நடுவில் வரும் எழுத்து நம் ஊர் இனிஷியலைப் போல: ரஷ்யாவில் அது அப்பாவின் பெயர், கனடாவில் பல குடும்பங்களில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். ஆக 'பீட்டர் ஜே.' என்பவர் யோஹானின் மகனா, யான்சன் வீட்டுப் பெண்ணின் மகனா? எந்த நாட்டில், எப்போது எழுதியது என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். மறுமணங்களும் அதிகம். மாற்றாந்தாய்க்குப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எழுதிவைப்பதற்குமுன் திருமணத் தேதியைப் பாருங்கள்.

குடிபெயர்ந்தவர்கள் ஊர்ப்பெயரையும் கூடவே எடுத்துப்போனார்கள். ரோசெனோர்ட் மொலோச்னாவிலும் உண்டு, மனிடோபாவிலும் உண்டு. வெறும் ஊர்ப்பெயர் போதாது; குடியேற்றத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

சோவியத் நாட்டிலேயே தங்கிவிட்டு, ஸ்டாலின் ஆட்சியில் 1937, 1938-இல் கைதானவர்களின் இறந்த தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சுட்டுக்கொல்லப்பட்ட பலருக்கு, நோயால் வேறொரு ஆண்டில் இறந்ததாகச் சோவியத் அரசு பின்னாளில் பொய்ச் சான்றிதழ் கொடுத்தது. அந்தத் தேதியை எழுதலாம், ஆனால் சான்றிதழில் உள்ளது என்ற குறிப்போடு.

'கிராண்ட்மா' என்ற மெனோனைட் வம்சாவளித் தரவுத்தளத்தில் தேடாமல் வேலையை முடிக்காதீர்கள். கலிஃபோர்னியா மெனோனைட் வரலாற்றுச் சங்கத்துடையது. 10 லட்சத்துக்கும் அதிகமான பேர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஆனால் மேற்குப் பிரஷ்யா (இன்றைய வட போலந்து), ரஷ்யா வழிவந்தவர்களுக்குத்தான் அது பயன்படும். சுவிஸ் வழிவந்த பென்சில்வேனியா குடும்பங்கள் வேறு இடத்தில் தேட வேண்டும். அங்கே இருப்பதாலேயே ஒரு தகவல் உறுதியாகிவிடாது. உங்கள் ஒன்றுவிட்ட சகோதரர் இதே நோட்டைப் பார்த்து அனுப்பிய தகவலாகக்கூட அது இருக்கலாம். பெயரும் ஆண்டும் பொருந்தினால் மட்டும் இணைத்துவிடாமல், துணையின் பெயரையும் இரண்டு பிள்ளைகளின் தேதிகளையும் ஒப்பிடுங்கள்.

கடைசி ஐம்பது ஆண்டுகளை நிரப்பும்போது உயிரோடு இருப்பவர்களைக் கேட்டுவிட்டே அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உறவினருக்கு அனுப்பும் பிரதியில் அவர்களுடைய பிறந்த தேதி வேண்டாம். மூலக் கோப்பை உங்களிடம் வைத்துக்கொண்டு, ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்கள் பொதுவாகப் படிக்கும் கோப்பு வகை) வடிவத்தில் இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள்.