பிள்ளை பார்க்கப் போகும்போது: புத்திமதி குத்தலாகாமல் சொல்வது எப்படி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் மேலூரிலிருந்து வேன் பிடித்துப் பிள்ளை பார்க்க வருகிறது. கையில் ஹார்லிக்ஸ், பழம், பிள்ளைக்குச் சட்டை. தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும் பெரியம்மா, "ஏத்தா, புள்ள என்ன இம்புட்டு இளைச்சுக் கெடக்கு? பால் பத்தலையா?" என்கிறார். அவர் மனதில் இருப்பது அக்கறை மட்டும்தான். கட்டிலில் படுத்திருப்பவள் காதில் விழுவதோ, 'ஒனக்குப் புள்ள வளக்கத் தெரியல' என்பது.

இது மனவருத்தத்தோடு நின்றுவிடாது. பிள்ளை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவுக்குத்தான் பால் சுரக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து அன்றைக்கு ராத்திரியே பால்பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறது. புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை மாரில் சப்புவதைக் குறைக்கும், சுரப்பும் குறையும். கொஞ்ச நாளில் பால் நிஜமாகவே பத்தாமல் போகும். போதாததற்கு, பதற்றமும் அழுகையும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும். பிள்ளை பார்க்கப் போகிறவர் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

எது இயல்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

குத்தலாகிற புத்திமதியில் பெரும்பகுதி, இயல்பாக இருப்பதைக் குறையாக நினைப்பதால் வருவது. பிறந்த பிள்ளை முதல் சில நாளில் எடை குறையும். பத்தில் ஒரு பங்கு வரைக்கும் குறையலாம். 3 கிலோவில் பிறந்த பிள்ளை 2 கிலோ 700 கிராமுக்கு இறங்கி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். நீங்கள் பார்க்கப் போகிற நாள் பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்துக்குள்தான் வரும். அதனால் 'இளைச்சிருக்கு' என்று கண்ணுக்குத் தோன்றினாலும் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

முதலில் வருவது மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக வரும் சீம்பால். மாரில் பால் கட்டி நன்றாக இறங்க மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். ஆபரேஷன் பிரசவமென்றால் இன்னும் ஒரு நாள் பிந்தலாம். பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். சாயங்காலமானால் விட்டு விட்டு, மணிக்கொரு தடவைகூடக் கேட்கும். அது பசி அடங்காததன் அடையாளமல்ல. பால் போதுமா என்று பார்க்க நம்பகமான கணக்கு வேறு: ஐந்து நாள் கழிந்த பிள்ளை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போக வேண்டும், எடை ஏறிவர வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பால் பற்றிப் பேசவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் மதுரையில் பெரியவர்களுக்கே நாக்கு வறளும். "ஒரு பாலாடை வெந்நி ஊத்து" என்று சொல்லத் தோன்றும். தாய்ப்பாலில் 100-க்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரைக்கும், எந்த வெயிலிலும், பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். இன்னொரு பக்கம், தண்ணீர் நிஜமாகத் தேவைப்படுகிற தாயிடம், "பச்ச ஒடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துப் போகும்" என்று செம்பைப் பிடுங்குகிறோம். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதால் வயிறு பெருக்காது. குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும். தையல் போட்ட உடம்புக்கு அது பெரிய சித்திரவதை. பிள்ளை பார்க்கப் போகிறவர் செய்யக்கூடிய ஆகச்சிறந்த உதவி, அவள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைப்பது.

எந்தச் சொல் குத்துகிறது

பேச்சில் சில சொற்கள் தன்னாலேயே தீர்ப்பாகிவிடும். 'இன்னும்' அப்படிப்பட்டது. "இன்னும் குளிப்பாட்டலையா?" என்றால் நேரத்தோடு குளிப்பாட்டியிருக்க வேண்டும், நீ தவறிவிட்டாய் என்று பொருள். 'ஏன்' இன்னொன்று: "ஏன் பிள்ளைய இப்படிப் பிடிக்கிற?" என்றால் பதில் சொல்ல முடியாது, தலைகுனியத்தான் முடியும். '-லையா' என்று முடிகிற கேள்வி எல்லாவற்றையும் வாசல்படியிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

'நாங்கள்லாம்' என்று தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். "நாங்கள்லாம் நாத்து நட்டுட்டு வந்து பெத்தோம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அன்றைக்கு உங்களுக்கும் யாரும் உதவவில்லை என்பதுதான் அதிலிருக்கிற சேதி. அதைத் தழும்பாகச் சொல்லுங்கள், கேட்கிறவளுக்கு ஆறுதலாக இருக்கும். அளவுகோலாகச் சொன்னால் அடியாக விழும்.

'பரவாயில்ல' என்பது மிக மோசம். "பொம்பளப் பிள்ளையா, பரவாயில்ல, அடுத்தது பாத்துக்கலாம்." என்ன பரவாயில்லை? பிறந்திருக்கும் பிள்ளையையே ஒரு குறையாக்கிவிட்டு அந்தக் குறையை மன்னித்தும்விட்டீர்கள். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனின் விந்தணு; அந்தத் தாயிடம் சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. "ஆபரேஷனா? வலி பொறுக்கலையா?" என்பதும் இதே ரகம். பிள்ளையின் நாடித்துடிப்பு குறைந்திருக்கலாம், பிள்ளை குறுக்கே கிடந்திருக்கலாம், பிரஷர் ஏறியிருக்கலாம். நடந்து முடிந்ததற்குப் புத்திமதி கிடையாது.

இவற்றுக்குப் பதில் என்ன கேட்பது? அவளுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். "ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறான்?" "நீ எப்பத்தா தூங்குற?" "காம்புல வலி இருக்கா?" இதில் அவள் பரீட்சை எழுதவில்லை, நிலவரம் சொல்கிறாள். சொல்லச் சொல்ல எங்கே சிக்கல் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சொல் எத்தனை காதில் விழுகிறது

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. அதனால் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் எந்தச் சொல்லும் பெற்றவளோடு நிற்காது, அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் அவள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் விழும். "பிள்ளைக்கு ஏதோ சளி மாதிரி இருக்கே" என்று மாமியார் சாதாரணமாகச் சொன்னால், 'நீங்க சரியா பாக்கல சம்பந்தி' என்று அங்கே கேட்கும். மாமியார் வேன் ஏறிப் போனதும் அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொள்வார்கள். சொன்னவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால்தான் அடுத்த தடவையும் அப்படியே சொல்வார்.

எனவே மாமியாரோ நாத்தனாரோ உள்ளே நுழைந்ததும் சொல்லும் முதல் வார்த்தை அந்த வீட்டின் உழைப்பைப் பற்றியதாக இருக்கட்டும், அதுவும் கண்ணால் பார்த்த ஒன்றாக. "மதினி, துணியெல்லாம் தனியா அலசி வெயில்ல காயப் போட்டிருக்கீங்க, பெரிய வேல" என்பது போல. பொத்தாம்பொதுவாக "நல்லாப் பாத்துக்கிறீங்க" என்றால் அது உபசாரமாகிவிடும்.

பொறுக்கக் கூடாதவை

பக்குவமாகப் பேச வேண்டும் என்பதற்காக ஆபத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. பிள்ளை பால் குடிக்க மறுத்தால், எழுப்ப எழுப்பத் துவண்டு விழுந்தால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், உடம்பு ஜில்லென்று ஆனால், வலிப்பு வந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அல்லது என்றைக்கானாலும் உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளுக்கு "காலை வெயில்ல காட்டு" என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். தாய்க்கு மணிக்கொரு பேடு நனையும்படி உதிரப்போக்கு, காய்ச்சல், விடாத தலைவலியோடு கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது இருந்தாலும் அப்படியே.

அப்போதும் ஆளைச் சொல்லாமல் அடையாளத்தைச் சொல்லுங்கள். "இதக்கூடப் பாக்கலையா" என்று தொடங்கினால் வீட்டார் தங்களைக் காத்துக்கொள்ளப் பேசுவார்கள், பேச்சில் நேரம் போகும். "உள்ளங்கால் மஞ்சளா இருக்கு, இப்பவே காட்டணும். நான் 108-க்குப் போன் போடுறேன், நீ பிள்ளையத் துணியில சுத்து." இதில் பழி இல்லை, வேலை மட்டும்தான். மதுரை டவுனுக்குள் இருந்தால் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை, எந்நேரமும் பார்க்கும்.

மனதைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை பெற்ற மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, பிள்ளையைத் தூக்கப் பிடிக்காமை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கமின்மை இருந்தால் அது நோய். "அழுகாத, பிள்ளைக்கு ஆகாது" என்பது அவளுக்கு இன்னொரு குற்றச்சாட்டு. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்; கூட உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள். சாவைப் பற்றி அவள் பேசினால் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பெரியவர்களிடம் சொல்ல வேண்டி வந்தால்

புத்திமதி மேல்நோக்கியும் போகும். அப்பத்தா தேனைத் தொட்டுச் சேனை வைக்க வருகிறார். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து: அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். "அதெல்லாம் மூடப்பழக்கம்" என்று பேத்தி சொன்னால், நான்கு பிள்ளை வளர்த்த கைக்கு அது அவமானம். வழக்கத்தின் பொருளை வைத்துக்கொண்டு செயலை மட்டும் மாற்றுங்கள்: "அப்பத்தா, ஒங்க ராசிதான் இவனுக்கு வேணும். வாயில வைக்காம நெத்தியில தொட்டு வையுங்க." மூக்கில் எண்ணெய் விடுவதற்கும் இதே வழி, அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம், ஆகவே எண்ணெய் கை காலோடு நிற்கட்டும். தேய்த்துவிடும் வேலையை அப்பத்தாவிடமே கொடுங்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால்

ஒரு தடவை போனால் ஒரே ஒரு விஷயம். இரண்டாவது தோன்றினால் அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வந்து உட்கார்ந்து காபி குடித்து, கூட்டம் கூடத்துக்குப் போன பிறகு, அவள் கட்டிலருகே தாழ உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்: "ஒண்ணு சொல்லட்டுமாத்தா? ஒனக்குச் சரிப்பட்டாச் செய்யி." "இப்ப வேணாம்" என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது.

காம்பு புண்ணாகியிருக்கிறது என்று அவளே சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம். "பிடிக்கிறதே சரியில்ல" என்றால் அது தீர்ப்பு. அதற்குப் பதில் முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள். பிள்ளையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டித் திரும்பியிருக்கட்டும். தலையை மட்டும் திருப்பக் கூடாது. காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மாருக்குக் கொண்டுவர வேண்டும், அவள் முன்னால் குனியக் கூடாது. தாடை மாரில் அழுந்தி, கீழுதடு வெளியே மலர்ந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் போயிருந்தால் சரி. முதல் சில நொடிக்குப் பிறகும் வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு, மறுபடி வைக்கச் சொல்லுங்கள். அவள் கேட்காமல் உங்கள் கை அவள் மேல் படக் கூடாது. ஒரு துணிச் சுருளைப் பிள்ளை மாதிரி பிடித்துக் காட்டினாலே போதும்.

அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள். போகும்போது நாலு துணியை மடித்து வைத்துவிட்டுப் போகலாம்.

ஏற்கெனவே சொல்லிவிட்டால்

அவள் பேச்சு நின்று, 'ம்' மட்டும் வந்தால் பட்டுவிட்டது என்று பொருள். "நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று விளக்கினால் காயம் இரட்டிப்பாகும். வருத்தப்பட்டதே அவள் தப்பு என்றாகிவிடும். மறுநாள் பத்து மணிக்கு மேல், வீட்டில் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போன் போடுங்கள். எந்தச் சொல் என்று பேர் சொல்லியே மன்னிப்புக் கேளுங்கள்: "நேத்து பால் பத்தலையான்னு கேட்டது என் தப்புத்தா. பிள்ள நல்லா இருக்கான். நீ சாப்டியா?" அவள் அம்மா பக்கத்தில் இருந்தால் போனை வாங்கச் சொல்லி, அவரிடமும் அதையே சொல்லிவிடுங்கள்.